பன்னிரண்டு நிரல்களும் ஒரு சப்பாத்தும்

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், பிள்ளைகள். இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. ஹரோவில் ஒரு கால் வைத்தியக் கிளினிக்கில், என் பெருவிரல் நகத்தைக் காட்ட நாற்பது நிமிடம் காத்திருந்தேன். எதிர்க் கதிரைகளில் ஒரு கணவனும் மனைவியும், நம்மவர்கள். கணவனின் இடது காலில் கட்டு. மனைவியின் மடியில் பளபளப்பான இரண்டு புத்தகங்கள். இரண்டும் கால் வைத்தியம் படிப்பிக்கும் பள்ளிகளின் விளம்பரப் புத்தகங்கள். மறுநாள் மாலை ஆறு மணிக்குள் ஏதாவது ஒன்றுக்கு அவள் சம்மதம் சொல்லியாக வேண்டும். இருவரும் மெல்லிய குரலில் சண்டை பிடித்தார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்ற நம்பிக்கையில் லண்டனில் நடக்கும் சண்டைகளால்தான் என் எழுத்து ஓடுகிறது.

முடிவு வருகிற நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. பிறகு என்னோடு கோபிக்கக்கூடாது.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை முயன்றேன்.

"லண்டனில் அன்று மழை." இதை எழுத ஒரு கதைக்காரி தேவையில்லை. அடித்துவிட்டேன்.

"உடலின் முழுப் பாரத்தையும் தாங்கும் பாதம், நம் பண்பாட்டில்..." இந்த வசனத்தை முடித்திருந்தால் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். முடிக்கவில்லை.

"நாகேஸ்வரி பன்னிரண்டு வருடமாக மற்றவர்களின் காலுறைகளைக் கழற்றிவந்தாள்." இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

3

நாகேஸ்வரி என்பது நான் வைத்த பெயர். வயது நாற்பத்தாறு. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. ஒருநாள் அங்கே இருந்த ஒருவரின் காலுறையைக் கழற்றியபோது, குதிக்காலில் இருபது பென்ஸ் நாணயத்தின் அளவில் ஒரு கறுப்பைக் கண்டு தாதியைக் கூப்பிட்டாள். "நல்ல நேரம் கண்டாய். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் கால் போயிருக்கும்" என்றாள் தாதி. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நாகேஸ்வரிக்கு ஒரே யோசனை: கண்டது நான், அது என்னவென்று சொன்னது வேறொருவர். ஏன் அப்படி?

இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனாள். இரண்டு பள்ளிகள் இடம் கொடுத்தன. இரண்டு புத்தகங்களிலும் முதல் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே வரி: "உங்கள் தேவைக்கும் நலனுக்கும் பொருத்தமான பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்." நாற்பத்தாறு வருடத்தில் அவளுடைய நலனை விசாரித்த முதல் காகிதம் அதுதான். பயந்துபோய் மூடிவைத்தாள்.

அவளுடைய தேவைகள் பெரிதல்ல. முழங்காலை முறிக்காத ஒரு பயணம். மடத்தனமான கேள்வி கேட்டாலும் சிரிக்காத ஒரு ஆசிரியர். புத்தகத்தை விரித்துவைக்க, வேறு யாரும் மரக்கறி வெட்டாத ஒரு மேசை.

4

இனிக் கணவர் கல்யாணசுந்தரம். இந்தப் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. நான் நேரில் பார்த்தவர் இன்னும் மோசம். உள்ளபடி எழுதினால் நம்பமாட்டீர்கள் என்று கொஞ்சம் குறைத்திருக்கிறேன். பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். பதினொரு வருடமாகச் சலரோகம், அதாவது நீரிழிவு. அதை அவர் "கொஞ்சம் சீனி" என்பார், யாரோ தேத்தண்ணியில் போட்டுக்கொடுத்தது போல.

"ஊராற்ற காலைத் தூக்கிப் பாக்கிறதுக்கு மூண்டு வருசம் படிப்போ?" என்றுதான் முதலில் கேட்டார். படிப்பைத் தடுக்க ஏலாது என்று தெரிந்ததும், படிப்புக்குத் தலைமை தாங்கினார்.

எக்செலில் ஒரு அட்டவணை போட்டார். மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு நிரல்கள். தரவரிசை, கட்டடம் கட்டிய ஆண்டு, கார் நிறுத்த இடம், பட்டமளிப்பு மண்டபத்தின் அழகு, சங்கத்தில் யாருடைய பிள்ளை அங்கே படித்தது, இப்படியே போகும்.

"என்ர முழங்கால் எங்கை இருக்கு?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

"அதுக்கு நிரல் இல்லை. வேணுமெண்டால் கீழை குறிப்பிலை போடுறன்."

(இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது, என் கதைகளை முதலில் கேட்கும் இம்மாகுலேற் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ர மனிசனை என்னத்துக்கு எழுதினனீர்?" என்று கேட்டார். அவருடைய கணவரை நான் கண்டதே இல்லை.)

5

இந்தப் பகுதியில் பாதத்தின் இருபத்தாறு எலும்புகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. நூலகத்தில் இரண்டு நாள் இருந்து எடுத்தது. திரும்ப வாசித்தேன், எனக்கே கால் விறைத்தது. வெட்டிவிட்டேன்.

6

பள்ளிகளின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒன்றைக் கண்ணாடிப் பள்ளி என்போம், மற்றதைச் செங்கல் பள்ளி என்போம்.

கண்ணாடிப் பள்ளிக்கு வெம்பிளியிலிருந்து போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. பயிற்சி அறையில் நல்ல கார்ப்பெட். நம்மவர்கள் கார்ப்பெட்டைக் கண்டால் கால் தானாகச் சப்பாத்தை உதறும். இருவரும் வாசலில் கழற்றிவைத்துவிட்டுப் போனார்கள். சுற்றிக்காட்டிய இளைஞன் அந்தச் சப்பாத்துகளைத் தாண்டிப் போனபடி, கூரை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணசுந்தரம் எட்டு நிரல்களுக்குப் புள்ளி போட்டார்.

அடுத்த சனிக்கிழமை செங்கல் பள்ளி. ஜுபிலி லைனில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். பழைய கட்டடம், லிப்ட் மூச்சு வாங்கியது. பயிற்சி அறையில் வெள்ளைக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. "ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு, கழட்டும்" என்று மனைவிக்குச் சொல்லி, தானும் கழற்றினார்.

மொய்ரா என்ற ஆசிரியை வாசலில் நின்றுவிட்டாள். வந்திருந்த மற்றவர்களிடம் திரும்பி, "பார்த்தீர்களா, பாடத்தையே கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார்கள். முதலில் சப்பாத்து, பிறகுதான் கால்" என்றாள். குனிந்து, கல்யாணசுந்தரத்தின் இடது சப்பாத்தை எடுத்து நாகேஸ்வரியின் கையில் கொடுத்தாள். "சொல்லுங்கள். இதைப் போடுகிறவர் எப்படி நடப்பார்?"

நாகேஸ்வரி அடியைத் திருப்பினாள். வெளி ஓரம் தேய்ந்திருந்தது, சொன்னாள். "உள்ளேயும் பாருங்கள்" என்றாள் மொய்ரா. உள்ளே கையை விட்டவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

ஒரு டிரோயிங் பின், பலகையில் காகிதம் குத்துகிற ஊசி. கூர் மேலே பார்க்க நிமிர்ந்து நின்றது.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம். மண்டபத்தில் அறிவித்தல் பலகைக்குக் கீழேதான் எல்லாரும் சப்பாத்துகளைக் கழற்றிவைப்பார்கள். அடுத்த கூட்ட அறிவித்தலைச் செயலாளர் தன் கையாலேயே குத்தியிருந்தார்; அதில் ஒரு பின் கழன்று கீழே விழுந்திருக்க வேண்டும். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் அதன் மேலேயே நடந்திருக்கிறார். காலுறையில் மிளகளவு இரத்தம்.

7

இதை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

மொய்ரா அவரைக் கட்டிலில் இருத்தி, காயத்தைத் துடைத்தாள். பிறகு ஒரு மெல்லிய நைலோன் நூலை நாகேஸ்வரியிடம் கொடுத்து, எங்கே எப்படித் தொடுவதென்று காட்டினாள். கண்ணை மூடுங்கள், தொடும்போது சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னாள்.

கல்யாணசுந்தரம் கண்ணை மூடினார். அவர் காத்திருந்தார்.

"தொடங்குங்கோவன்" என்றார் கடைசியில்.

நாகேஸ்வரி அதற்குள் பத்து இடங்களில் தொட்டு முடித்திருந்தாள். பன்னிரண்டு வருடம் ஊரார் காலுறையைக் கழற்றியவள், வீட்டில் இருந்த அந்த இரண்டு கால்களை அன்றுதான் பார்த்தாள்.

8

இனிச் செவ்வாய்க்கிழமை, காத்திருக்கும் அறை. இங்கே வருவது நான் காதால் கேட்டது.

"அட்டவணையிலை செங்கலை வெட்டிப்போட்டன்" என்றார் அவர்.

"ஏனப்பா?"

"நாலு பேருக்கு முன்னாலை என்ர சப்பாத்தைத் தூக்கிக் காட்டின பள்ளி, பள்ளியோ? நீர் அங்கை படிச்சால் பட்டமளிப்புக்கு நான் எப்பிடி வாறது?"

"ரெண்டு காலாலையும் நடந்து வருவியள். அண்டைக்கு அங்கை போயிருக்காட்டில் அதுவும் நிச்சயமில்லை."

"கண்ணாடி எண்டால் சங்கத்திலை சொல்ல ஒரு பேர் இருக்கு."

"அப்ப சங்கத்தை அங்கை படிக்க அனுப்புங்கோ. நாலு மணித்தியாலம் ரெயினிலை போறது நான்."

அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறொரு குரலில் கேட்டார்:

"இஞ்சை பாரும். அந்த நூல்... உண்மையிலை தொட்டவையோ, சும்மா சொன்னவையோ?"

"நூலைப் பிடிச்சது நான்தானேயப்பா."

அப்போதுதான் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நகத்துக்காக எழும்பிப்போன அந்த நிமிடத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

9

முடிவுகள் செய்து பார்த்தேன்.

அ. செங்கலுக்குச் சம்மதம் சொல்கிறாள். சங்கத்தில் அவர், "மனிசி டொக்ரருக்குப் படிக்கிறா" என்கிறார். இது இனிக்கிறது, எனக்கோ கொஞ்சம் சீனி.

ஆ. கண்ணாடிக்குப் போகிறாள். இரண்டாம் வருட மாரியில் ஒருநாள், நின்றபடி வந்த ரயிலில் நாகேஸ்வரி தன் முழங்காலை... வேண்டாம். அவளை விடுங்கள்.

இ. இரண்டையும் விட்டுவிட்டு, வீட்டில் இருந்து கணவனின் காலைப் பார்க்கிறாள். எல்லாரும் "நல்ல மனிசி" என்கிறார்கள். இந்த முடிவுக்குத்தான் கைதட்டு அதிகம் கிடைக்கும். அதனாலேயே எழுதமாட்டேன்.

10

நான் வெளியே வந்தபோது கதிரைகள் காலி. ஒரு புத்தகம் மட்டும் கிடந்தது, கண்ணாடிப் பள்ளியினுடையது. வேண்டாம் என்று விட்டார்களா, உள்ளே கூப்பிட்ட அவசரத்தில் மறந்தார்களா, தெரியாது. உள்ளே நாலாய் மடித்த அந்த அட்டவணை. செங்கல் பள்ளியின் வரி சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தது. ஆனால் வலது ஓரத்தில், பன்னிரண்டாவது நிரலுக்கு அப்பால், நீல மையில், கோணலாக, பதின்மூன்றாவதாக ஒரு நிரலை யாரோ கையால் கீறியிருந்தார்கள். தலைப்பு: நான் நாகேஸ்வரி என்று மாற்றிய அந்தப் பெயர். கீழே இரண்டு கட்டங்களும் வெறுமை. கீறியது அவளா, அவரா என்று எழுத்தை உற்றுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்த இரண்டு கட்டங்களையும் உங்களிடம் தருகிறேன். பென்சிலால் நிரப்புங்கள், அவள் வந்து கேட்டால் அழிக்கலாம். அதற்கு முன்னால் என் செல்லங்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். வாசலுக்குப் போய், உங்கள் சப்பாத்துக்குள் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.