நாகமணிக்குச் சொன்ன வார்த்தை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தச் சின்ன லுத்தரன் கோயிலுக்குப் பின்னால், மதிலோடு ஒட்டினாற்போலப் போதகரின் வீடு இருந்தது. சமையலறை யன்னலைத் திறந்தால் கோயிலின் பக்கக் கதவு தெரியும். போதகர் ஹியூபேட்டின் மனைவி இமெல்டா அந்த யன்னலடியில் நின்றுதான் சமைப்பாள். நாகமணி வரத் தொடங்கிய பிறகு அவளுக்குச் சமையலில் கண் நிற்கவில்லை.

நாகமணி மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். மட்டக்குளியில் ஓர் அறையில் தங்கி கார்மென்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவளாகவே கேட்டு வந்தாள். ஹியூபேட் வியாழக்கிழமைகளில், கோயிலின் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தார்.

ஒரு வியாழக்கிழமை பாடம் பாதியில் நின்றது. நாகமணி முழங்காலில் விழுந்து அழுதாள். ஹியூபேட் எழுந்து போய் ஆராதனைக்குப் போடும் தோள்பட்டியை அணிந்துகொண்டு வந்து, அவள் சொன்னதையெல்லாம் தலை குனிந்து கேட்டார். பிறகு அவள் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். அவள் முகம் விடிந்தாற்போல ஆனதை இமெல்டா யன்னலால் பார்த்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

சாப்பிடும்போது கேட்டாள். "என்னவாம் அவளுக்கு?"

"அது பாவ அறிக்கை, இமெல்டா. வெளியில கதைக்கேலாது."

"நான் வெளியோ?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சபையில் யார் குடிக்கிறார்கள், யாருடைய மகன் வெளிநாடு போக அலைகிறான் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொல்லுகிற மனிதர் அவர். இப்போது முதல் முறையாக அவருக்குள் ஒரு கதவு சாத்திக் கிடந்தது. அதற்குள்ளே அந்தப் பெண் இருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாமே இமெல்டாவைக் குத்தியது. வியாழக்கிழமை அவர் முகச்சவரம் செய்தால் குத்தியது. நாகமணிக்குத் தேத்தண்ணீர் அனுப்பும்போது வாய் உடைந்த கோப்பையாகத் தேடி எடுத்தாள். அவள் அதிலேயே குடித்துவிட்டு, கழுவிக் கொண்டுவந்து, "ரொம்ப நல்லாருந்துச்சுங்கம்மா" என்று சொன்னபோது இமெல்டாவுக்கு ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் இருந்தது. இமெல்டாவுக்கு முன்பு ஒரு பெண் குழந்தை செத்துப் பிறந்தது. ஹியூபேட்தான் மாதம்பிட்டி மயானத்தில் அடக்கம் பண்ணினார். வந்து உடுப்பு மாற்றினார், தேத்தண்ணீர் குடித்தார், நோயாளி ஒருவரைப் பார்க்கப் புறப்பட்டார். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளை மோட்சம் பார்க்காது என்று அவள் பிறந்த கத்தோலிக்க வீட்டில் பேச்சு. அது உண்மையா என்று அவரிடம் கேட்க அவளுக்குப் பயம். அவரும் அந்தப் பக்கமே கதைத்ததில்லை. கோயிலில் எல்லோருக்கும் ஒரு போதகர் இருந்தார். அவளுக்குப் புருசன் மட்டும்தான்.

போர்க்காலம் அது. நகரில் குண்டு வெடித்துச் சுற்றிவளைப்பு நடந்த ஒரு காலையில் இரண்டு பொலிஸ்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நாகமணி தங்கியிருந்த வீட்டின் மேலறையில் இருந்த ஒருவனைத் தேடுகிறார்களாம். அவள் ஒன்றும் தெரியாது என்கிறாளாம். ஆனால் இங்கே வந்து மணிக்கணக்கில் அழுகிறாளாமே, என்ன சொன்னாள் என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

"ஏக கியன்ட பே, மஹத்தயா," என்றார் ஹியூபேட். அதைச் சொல்ல முடியாது.

"அவனைப் பற்றிச் சொன்னாளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

"சொன்னாள் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன்."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். இமெல்டா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயத்துக்கு முன்னால் வந்தது பொறாமைதான். 'அவளுக்காகப் போறார். எனக்காக எங்கேயாவது போயிருப்பாரா?'

பஸ் பிடித்து மட்டக்குளிக்குப் போனாள். நாகமணி அறை மூலையில் சுருண்டு கிடந்தாள்.

"எழும்படி! உன்னால அவரைக் கொண்டு போட்டாங்கள். அவருக்கு என்ன சொன்னனி? அந்த மேலறைக்காரனோட உனக்கு என்ன?"

"ஐயோ அம்மா, அந்தாள நான் மூஞ்சி கொடுத்துக்கூடப் பேசினதில்லீங்க." நாகமணி எழுந்து உட்கார்ந்தாள். "என் புள்ளயப் பத்தித்தாங்க சொன்னேன். அம்மாகிட்ட தோட்டத்துல விட்டுட்டு வந்தேன். காய்ச்சல்ல போயிருச்சு. சேதி வந்தும் நான் போகல. வேலை போயிரும்னு போகல. அதத்தாங்க சொன்னேன்."

இமெல்டா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் என்ன சொன்னவர்?"

"மொதல்ல பாவ மன்னிப்பு சொன்னாரு. அப்புறம், ஞானஸ்நானம் இல்லாமப் போன புள்ள எங்க இருக்கும்னு கேட்டேன். ஞானஸ்நானத்துக்கு நாமதான் கட்டுப்பட்டவங்க, கடவுள் அதுக்குக் கட்டுப்பட்டவரில்ல, உன் புள்ளய அவரு கைவிடல, நீ அழுதது பூராவும் அவரு காதுல ஜெபமா விழுந்திருக்குன்னாரு."

அவள் சொல்லச் சொல்ல இமெல்டாவின் நெஞ்சு பற்றி எரிந்தது. அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்த வார்த்தை அவரிடம் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, அது காதில் விழாமலே அவள் கிடந்திருக்கிறாள். அதை எடுத்து இவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

நாகமணிதான் முதலில் எழுந்தாள். "வாங்கம்மா, நானே வந்து சொல்லுறேன். சொன்னது என் கதைதானே."

பொலிஸ் நிலையத்தில் அவள் தன் பிள்ளையின் கதையைத் தப்புத்தப்பான சிங்களத்தில், நின்றபடியே சொல்லி முடித்தாள். பொறுப்பதிகாரி பேனையை வைத்துவிட்டு, போதகரைக் கூட்டி வரச் சொன்னார். ஹியூபேட்டின் கன்னம் அடிபட்டு வீங்கியிருந்தது. "இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே," என்று பொறுப்பதிகாரி கேட்டதற்கு, "சொன்னால் அடுத்தவர் யாரும் என்னிடம் வரமாட்டார்," என்றார் ஹியூபேட்.

வீட்டுக்கு வந்து இமெல்டா அவர் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள். இரண்டு முறை வாயெடுத்து நிறுத்தினாள். மூன்றாவது முறை கேட்டேவிட்டாள்.

"அவளுக்குச் சொன்னதை எனக்கு ஏன் சொல்லேல்ல?"

ஹியூபேட் அவள் கையிலிருந்த துணியை வாங்கி வைத்தார். எது என்று கேட்கவில்லை.

"மற்ற ஆக்களுக்குச் சொல்லேக்க நான் அதை முழுசா நம்புறன், இமெல்டா. எங்கட பிள்ளையெண்டு வரேக்க எனக்கே சந்தேகம். சந்தேகத்தோட உமக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"சந்தேகத்தோடயே சொல்லியிருக்கலாம். உங்கட நம்பிக்கையாலயோ கடவுள் பிள்ளையைப் பாக்கிறார்?"

அந்தக் கேள்வி அவரை அடியோடு சாய்த்தது. கிருபை மனிதனின் நம்பிக்கை பலத்தில் தொங்குவதில்லை என்று பிரசங்கபீடத்தில் நின்று எத்தனையோ தடவை சொன்னவர் அவர். மேசையில் தலையைக் கவிழ்த்து, அடக்கத்தன்று அழாத அழுகையை அழுதார். பிறகு, குரல் உடைந்து உடைந்து, சொல்லவேண்டியதைச் சொன்னார். இமெல்டா ஒரு சொல்லும் விடாமல் கேட்டாள்.

உயிர்த்த ஞாயிறன்று நாகமணி ஞானஸ்நானம் எடுத்தபோது, இமெல்டாதான் அவளுக்கு ஞானத்தாயாகப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய பிள்ளையின் பெயர் என்ன என்று அன்றைக்குத்தான் கேட்டாள். செல்வி என்றாள் நாகமணி. அப்போதும், புருசன் நாகமணியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இமெல்டாவுக்குக் கொஞ்சம் குத்தத்தான் செய்தது. குத்தினாலும், அவள் ஈரத்தலையைத் துடைக்கத் துவாயை நீட்டினாள்.