கையெழுத்து முதலில், கடிதம் பிறகு

மின்விசிறிக்கு நேர் கீழே, கைப்பிடி உடையாத ஒரே நாற்காலியில், தலைவர் மரியஜான். அவருக்கு வலப்பக்கம் கேரம் பலகையின் மேல் ஜெஃப்ரின். பலகையில் உட்காரக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவனும் அவன்தான். சன்னல் திட்டில் காலை ஆட்டிக்கொண்டு லிஜின். வாசல்படியில், பூசைக்கு உடுத்திய சேலையோடு, மீன் வியாபாரி வியாகுலம்மாள். அலமாரி ஓரத்து ஸ்டூலில், மடியில் நோட்டுடன், செயலாளர் சூசை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால். குளச்சலுக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரை ஊரின் கால்பந்து ரசிகர் மன்றம் கூடியாயிற்று.

விஷயம் ஒன்றே ஒன்று. முந்தின நாள் ‘நம்ம காலேஜ்’ புதுக்கடைப் பக்கத்துக் கல்லூரியிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றுவிட்டது. இந்தப் பருவத்தில் இது மூன்றாவது தோல்வி. கோச் சிவபிரசாத்தின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று தாளாளர் ஃபாதர் புதன்கிழமை முடிவு செய்கிறார். அதற்குள் மன்றத்தின் கடிதம் அவர் மேஜைக்குப் போக வேண்டும். காலரியை நிறைப்பது இந்த ஊர் என்பதால் ஃபாதர் இவர்கள் கடிதத்தை மதிப்பார். இவர்களில் ஒருவரும் அந்தக் கல்லூரியில் படித்ததில்லை. ஜெஃப்ரின் விண்ணப்பம் வாங்கப் போனதோடு சரி.

சூசை ஐஸ் பிளாண்டில் எழுத்து வேலை பார்ப்பவர். யார் என்ன சொன்னாலும் பெயர் போட்டு, சொன்னபடியே நோட்டில் ஏற்றிவிடுவது அவர் வழக்கம். பதினோரு வருடமாக அந்த நோட்டை அவரைத் தவிர யாரும் திறந்து பார்த்ததில்லை.

முதலில் ஜெஃப்ரின் ஆரம்பித்தான். சிவபிரசாத் ஆட்டம் முழுக்கக் கோட்டோரம் நின்று கத்துகிறான். புதுக்கடைக்காரர்களின் கோச் குமாரதாஸைப் பார், கையைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறான், அதுதான் கோச் என்றான். லிஜினுக்கு வேறு குறை. பந்தைத் தரையிலேயே தட்டித் தட்டிப் போகச் சொல்லும் கோச்சை அவன் கேள்விப்பட்டதே இல்லையாம். குமாரதாஸின் பையன்களும் தரையில்தான் தட்டினார்கள், அப்படித்தான் மூன்று கோல் போட்டார்கள் என்று சூசை சொன்னதற்கு, அது வேறே தட்டு என்று பதில் வந்தது.

வியாகுலம்மாள் எந்த ஆட்டத்தையும் விட்டவளில்லை. ஆஃப்-சைடை நடுவருக்கு முன்னால் கண்டுபிடிப்பவள். அவளாவது நியாயம் பேசுவாள் என்று சூசை எதிர்பார்த்தார்.

“சிவபிரசாத் பூதப்பாண்டிக்காரன், கடலில்லாத ஊரு. மீனே திங்கமாட்டானாம்,” என்றாள். “மீன் திங்காதவனுக்கு ஓட்டத்தப் பத்தி என்னவே தெரியும்?”

சூசை அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமினார். கோச்சுக்கு ஆளைப் பார்க்கத் தெரியவில்லை, நல்ல ஆட்டக்காரனை பெஞ்சில் போட்டுக் கெடுக்கிறான் என்றார். நல்ல ஆட்டக்காரன் என்பது அவருடைய தங்கை மகன் சஜின். இரண்டு வாரம் பயிற்சிக்கே எட்டிப் பார்க்காதவன். குமாரதாஸும் நேற்றுத் தன் அணியின் பெரிய ஆட்டக்காரனை உட்கார வைத்திருந்தான். அதற்குப் பெயர் ஒழுங்கு என்றார் தலைவர்.

“சஜின் எறங்கியிருந்தா ஆறு கோல் வாங்கியிருப்போம்,” என்றாள் வியாகுலம்மாள். தலைவருக்கு அது காதில் விழவில்லை.

சூசை பேனாவை மூடினார்.

“அண்ணே, குமாரதாஸ் நம்ம காலேஜ்லதான கோச்சா இருந்தான். நாலு வருசத்துக்கு முந்தி நாமதான கடிதம் எழுதி அவன வெளிய அனுப்பிச்சோம்?”

“அது அன்னைக்கு உள்ள குமாரதாஸ், மக்கா,” என்றார் மரியஜான். “இப்ப உள்ளவன் வேற.”

“அவனுக்கு அறிவு வந்ததே நாம எழுதினதாலதான் மாமா,” என்றான் லிஜின்.

சிரித்தார்கள். சூசை சிரிக்கவில்லை. அந்தக் கடிதம் போனபிறகு குமாரதாஸ் எட்டு மாதம் திங்கள்சந்தையில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஒரு நாள் தெரியாமல் சூசை அதில் ஏறிவிட்டார். இறங்கும்போது அவன் திரும்பிப் பார்த்து, “கடிதத்த ஃபாதர் காட்டினாரு. நல்ல எழுத்து சூசை அண்ணே. ஒரு பிழை இல்ல,” என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அதன்பின் சூசை திங்கள்சந்தைக்குப் போனால் பஸ்தான். இப்போது சிவபிரசாத், மகள் நந்தனாவை இங்கேயே பள்ளியில் சேர்த்து, வாடகைக்கு வீடெடுத்து வந்திருக்கிறான். இன்னொரு ஆளை இந்தக் கையெழுத்தால் ஊரைவிட்டு அனுப்ப அவருக்கு மனமில்லை. எழுதமாட்டேன் என்றால் ஜெஃப்ரின் எழுதுவான். அதை நினைத்தாலும் பயமாயிருந்தது.

மணி பன்னிரண்டை நெருங்கியது. நாலு வீட்டிலும் இறைச்சிக்கறி கொதித்துக்கொண்டிருக்கும். மன்றத்தின் வழக்கப்படி சூசை நீளத்தாள் இரண்டை எடுத்தார். முதல் தாள் காலி. இரண்டாவது தாளின் அடியில், உட்கார்ந்திருந்த வரிசையில், மற்ற நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். கடிதம் எழுதி முடியும்வரை காத்திருக்கும் பொறுமை இந்த மன்றத்தில் எவருக்கும் என்றைக்கும் இருந்ததில்லை; மேலே நிரப்பிக்கொள்வது செயலாளர் பாடு. மரியஜான் தலைவர் முத்திரையையும் குத்தினார்.

“எழுதிட்டு வாசிச்சுக் காட்டட்டா?” என்று சூசை கேட்டார்.

“எதுக்கு? இங்க சொன்னத அப்படியே எழுது, போதும்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார் தலைவர்.

பிற்பகல் முழுதும் சூசை எழுதினார். ‘கனம் தாளாளர் ஃபாதர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, இன்ன தேதியில் கூடிய கூட்டத்தில் அங்கத்தினர் சொன்னவை பின்வருமாறு என்று எழுதினார். மின்விசிறிக்குக் கீழே தலைவர், கேரம் பலகையில் ஜெஃப்ரின் என்று இடம் சொல்லிவிட்டு, பேச்சை நோட்டில் இருந்தபடி இறக்கினார். மீனும் வந்தது, வேறே தட்டும் வந்தது. ‘சஜின் என்பவர் தலைவரின் தங்கை மகன்’ என்பதை ஒரே வரியில் சேர்த்தார். பிறகு பழைய நோட்டைத் திறந்து, நாலு வருடத்துக்கு முன் இதே நால்வரும் குமாரதாஸைப் பற்றிச் சொன்னவற்றைப் பக்கத்தில் எழுதினார்: கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், வாயைத் திறப்பதில்லை, பந்தைத் தரையிலேயே தட்டுகிறான். அவற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, தேதி மட்டும் போட்டார். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. இவர்களைக் கேவலப்படுத்த இவர்கள் பேச்சே போதுமானதாயிருந்தது.

தன்னை மட்டும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. நாலு கையெழுத்துக்கும் மேலே இருந்த கடைசி இடைவெளியில், ‘முந்தைய கடிதத்தை எழுதியவனும் நானே. அன்று இவற்றையெல்லாம் நல்ல தமிழாக்கி, நியாயம் போலக் காட்டினேன். இம்முறை அப்படிச் செய்யவில்லை’ என்று எழுதி, ஐந்தாவதாகத் தன் பெயரைப் போட்டார்.

திங்கள் காலை ஐஸ் பிளாண்டுக்குப் போகும் வழியில் மரியஜான் சைக்கிளை மறித்தார்.

“ஏலே, எழுதியாச்சா? காரமா இருக்கா?”

“நீங்க சொன்னது ஒண்ணும் விடல அண்ணே.”

மரியஜான் திருப்தியாக வழிவிட்டார். தபால் ஆபீஸ் திண்டில் வைத்து சூசை உறையின் வாயில் பசை தடவி, ஓரம் பிரியாதபடி கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார். ஸ்பீட் போஸ்ட் என்று சன்னலுக்குள் நீட்டினார். உள்ளே முத்திரை விழுந்தது.