புகை போன வழி

"அம்மா, அப்பா சாப்பிடுறதுக்கு முன்னாடி சோத்துப் பானைய என்கிட்ட குடுங்க."

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அந்த வீட்டில் கேட்கவே கூடாதது அது. அப்பா முத்துவீரன் வேலை விட்டு வந்து முதல் கவளம் எடுக்கும்வரை யாரும் பானையைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் லக்ஷிகாவை வளர்த்திருந்தார்கள்.

பருப்பைக் கடைந்துகொண்டிருந்த புஷ்பவதி மகளை முறைத்தாள். "பட்டம் வாங்குனது பானையில கை வைக்கத்தானா?"

"புகை எங்க போகுதுன்னு பாருங்கம்மா."

மூன்று நாளாக மழை விடவில்லை. காலையில் மயிரிழையாக இருந்த சுவர் வெடிப்புக்குள் இப்போது அடுப்புப் புகை முழுவதும் நுழைந்துகொண்டிருந்தது. சுவருக்குப் பின்னால் மலைதான். மண்ணுக்குள் ஏதோ கல் உருளும் சத்தம் கேட்டது; மலை சரியப்போகிறது என்று லக்ஷிகாவுக்குப் புரிந்தது.

"லயத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோட்டத்துத் தொர சொன்னாருல்ல?"

"தொர இங்கயா படுக்குறாரு?"

"வந்து சோறு இல்லாட்டி அப்பா கொன்னே போட்டுருவாரு."

"அவரு கொல்றதுக்காச்சும் நாம உயிரோட இருக்கணும்ல!"

புஷ்பவதி மறுபடி பருப்பைக் கடையத் தொடங்கினாள். எவ்வளவு சொன்னாலும் அம்மா வரமாட்டாள். ஆனால் சோறு போகும் இடத்துக்குப் போவாள். அப்பாவும் அப்படித்தான். லக்ஷிகா கைகளில் துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கினாள்.

"எதிர்மேட்டுக் கோயில்ல வைக்கிறேன். அவரு அங்க வந்து சாப்புடட்டும்."

"அடியே, பருப்பு இன்னும் தாளிக்கலடி!"

"சட்டியோட நீங்க கொண்டாங்க."

சொல்லிவிட்டு மழையில் இறங்கியவள் திரும்பிப் பார்க்கவில்லை.