நயினார் பேரில் ஏழு கேஸ்

1998 ஜூலை 14, செவ்வாய். இன்று செய்த தவறு: கோர்ட்டில் அப்பா பேரைச் சொல்லித் தேடச் சொன்னேன். அங்கே பதிவேடு மலையாளிகளின் வீட்டுப்பேர் வரிசையில் இருக்கிறது. தமிழர்களான நமக்கு வீட்டுப்பேர் கிடையாது. வண்டி நம்பரைக் கொண்டுபோயிருக்க வேண்டும். அரை நாள் லீவு வீண். தவறு என்னுடையதுதான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உலகம்மை டைரியில் எதையும் அடித்துத் திருத்துவதில்லை. பகலில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் வேலை, சாயங்காலம் மலையாள டைப்ரைட்டிங் வகுப்பு, வகுப்பு விட்டு வந்ததும் டைரி. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் டைரியில் என்னென்ன இருக்கும் என்று மற்றவர்கள் நினைப்பார்களோ அது எதுவும் அதில் கிடையாது. செய்தது என்ன, தவறியது எங்கே, நாளைக்கு என்ன, அவ்வளவுதான்.

விஷயம் இது. சனிக்கிழமை ஒரு பதிவுத் தபால் வந்தது. கழிந்த ஒரு வருஷத்தில் ஆட்டோ டிரைவர் நயினார் ஏழு போக்குவரத்துக் குற்றங்களை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருக்கிறாராம். அவருடைய பேட்ஜை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டுமாம். பேட்ஜ் போனால் ஆட்டோ ஓட்ட முடியாது. ஆட்டோ இல்லாமல் ஐம்பத்தொரு வயதில் நயினாருக்குத் தெரிந்த வேறு தொழில் ஒன்றும் இல்லை.

"ஏழாப்பா?" என்று கேட்டாள்.

"ஒண்ணோ ரெண்டோ இருக்கும். ஆபீஸ்காரன் கூட்டி எழுதியிருப்பான்," என்று சொல்லிவிட்டு நயினார் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். கண்ணை மட்டும் பார்க்கவில்லை. அதை உலகம்மை அன்றைக்குக் கவனிக்கவில்லை. ஆபீஸ்காரன்மேல் வந்த கோபத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

புதன்கிழமை காலையில் வண்டி நம்பரோடு மறுபடியும் கோர்ட்டுக்குப் போனாள். பெட்டிக் கேஸ் என்கிற சில்லறைக் குற்றங்களின் பதிவேடுகளை வைத்திருந்த கிளார்க் சுசீலாபாய்க்குச் சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும்.

"நேத்து வந்த டைப்ரைட்டிங் குட்டியல்லே. இன்னைக்கு நம்பர் உண்டா?"

"உண்டு மேடம்."

சுசீலாபாய் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். "எனக்குக் கண்ணு வலிக்குது. நீயே நோக்கு. தாள் கிழியாம மறிக்கணும்."

உலகம்மை ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பதினோரு மணிக்கு முதல் கேஸ் கிடைத்தது. ஒரு மணிக்குள் ஏழும் கிடைத்துவிட்டன. தபாலில் வந்த எண்ணிக்கை சரி. ஆனால் ஏழு கேஸிலும் ஏழு வீட்டுப்பேர் இருந்தது. ஒன்றில் தோப்புவிளாகம், ஒன்றில் புத்தன்வீடு, ஒன்றில் மேலேவிளை.

"உன் அப்பாவுக்கு ஏழு வீடா," என்றார் சுசீலாபாய். "பெரிய நிலக்காரன், ஜன்மியாக்கும். நீ எதுக்கு டைப்ரைட்டிங் படிக்குத? வீட்டுப்பேர் இல்லைன்னா எழுதுறவன் வாயில வந்ததைப் போடுவான்."

உலகம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழில் ஐந்து, மாதத்தின் கடைசி மூன்று நாளுக்குள் விழுந்திருந்தன. ஜனவரி முப்பதாம் தேதி கேஸ், ஹெட்லைட் போடாமல் ஓட்டியது. நேரம் பகல் பதினொன்று. மே இருபத்தொன்பதாம் தேதி கேஸ், சிக்னலை மீறியது. அன்றைக்கு நயினார் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அவருக்குக் கஞ்சி ஊட்டிய கை இதோ இந்தப் பதிவேட்டின்மேல் இருக்கிறது.

"இது பொய் மேடம். அப்பா அன்னைக்கு எந்திரிச்சு நிக்கக்கூட முடியாது. கோர்ட்டுக்கு எப்படி வந்தாரு?"

"யாரும் நேர்ல வரவேண்டா. சம்மன் பின்னாடி குற்றம் சம்மதிக்கேன்னு ஒப்பு போட்டுப் பைசாவைக் கொடுத்தனுப்பினாப் போதும். உங்க ஸ்டாண்டுக்கு ஒரு ஆள் உண்டு. மாசம் பிறந்தா ஒரு கட்டு சம்மன் கொண்டுவந்து பைசா அடைச்சிட்டுப் போவான்." சுசீலாபாய் அலமாரியிலிருந்து ஒரு கட்டை உருவி, நாடாவை அவிழ்த்து, மே மாதச் சம்மனைத் திருப்பிக் காட்டினார். "இது யாரு ஒப்பு?"

கோணல் எழுத்தில், தமிழில், நயினார் என்று இருந்தது. கடைசி எழுத்தின் வால் கீழே இழுத்துவிட்டபடி. ரேஷன் கார்டிலும், அவளுடைய பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டிலும் இருக்கிற அதே கையெழுத்து.

காலையிலிருந்து ஆபீஸ்காரன் பக்கம் நின்ற கோபம் அப்படியே திரும்பி அப்பா பக்கம் வந்து நின்றது.

"காப்பிக்கு எழுதிக் கொடு," என்றார் சுசீலாபாய், கட்டை மறுபடியும் கட்டிக்கொண்டே. "சீல் வச்ச காப்பி கையில் இல்லேன்னா நீ சொல்றதெல்லாம் வெறும் வர்த்தமானம், வாய்ப்பேச்சு. அபேட்சையில, அந்த மனுவில, உன் அப்பாதான் ஒப்பு போடணும். நீ போடப்பிடாது."

அன்றைக்கு உலகம்மை வகுப்புக்குப் போகவில்லை. நேரே ஸ்டாண்டுக்குப் போனாள். பதினான்கு ஆட்டோ நிற்கிற ஸ்டாண்டு. வரிசையில் பதினோராவதாக நயினாரின் வண்டி நின்றது. ஸ்டாண்டுச் செயலாளர் சுதீஷ் முதல் வண்டியின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் நயினார் இறங்கி வந்தார்.

"ஏட்டி, இங்க எதுக்கு வந்த?"

"மே இருபத்தொம்பதாம் தேதி சிக்னலைத் தாண்டினது யாருப்பா?"

நயினார் சுதீஷைப் பார்த்தார். பதில் சுதீஷிடமிருந்துதான் வந்தது.

"மோளே, இது ஸ்டாண்டு காரியம். போலீஸ் ஸ்டேஷனுக்கு மாசம் இத்தனை பெட்டின்னு ஒரு கணக்கு உண்டு. அது தெகையாம குறைஞ்சா அவங்க ரோட்டில இறங்கிப் பிடிப்பாங்க, எல்லாருக்கும் நாள் போகும். அதனால நாங்களே முறை வச்சுக் கொடுக்குறது. மாசம் ரெண்டு பேர். பைசா ஸ்டாண்டு அடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை."

"முறைன்னா வருஷத்துக்கு ஒருத்தருக்கு ரெண்டுகூட வராதே. அப்பாவுக்கு எப்படி ஏழு வந்துச்சு?"

"அண்ணாச்சி சம்மதிச்சதாக்கும். கேட்டுப் பாரு."

"உங்களுக்கு எத்தனை?"

சுதீஷ் சிரித்தான். "எனக்குப் பாஸ்போர்ட் அபேட்சை கிடக்கு. கல்ஃபுக்குப் போக வேண்டியவன் பேர்ல கேஸ் வரலாமா? அவனவனுக்கு ஒவ்வொரு காரணம். உன் அப்பனுக்கு ஒண்ணும் இல்லை. பதினெட்டு வருஷம் முன்னாடி வள்ளியூர்லேந்து வந்து நின்னப்ப இந்த வரிசையில இடம் கொடுத்தது என் அப்பன். அதை மறக்கப்பிடாது."

"இடம் கொடுத்ததுக்கு ஏழு கேஸா?"

"வுடு உலகம்மை," என்றார் நயினார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. இவ்வளவு நாள் சும்மாதான இருந்தீங்க." சுதீஷ் பக்கம் திரும்பினாள். "பேட்ஜை ரத்து செய்யப்போறாங்க. அதுக்கு உங்க ஸ்டாண்டு என்ன அடைக்கும்?"

மற்ற டிரைவர்களில் ஒருவன் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். சுதீஷ் காலை மடக்கிக்கொண்டான்.

"பேட்ஜ் போனா வண்டியை எனக்குத் தரச் சொல்லு. பழக்கத்துக்காக நல்ல விலை போட்டுத் தரேன். மச்சினன் ஒருத்தன் சும்மா இருக்கான்."

உலகம்மை திரும்பி நடந்தாள். பின்னாலேயே ஆட்டோ சத்தம் கேட்டது. நயினார் வரிசையை விட்டு வண்டியை எடுத்து வந்திருந்தார். அவள் பக்கத்தில் நிறுத்தினார். அவள் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டாள். டம்ளரை அவர் முன்னால் வைத்த வைப்பில் காப்பி தெறித்தது.

"எதுவும் நிரப்பாத சம்மன்லயா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"அச்சில என்ன இருக்குன்னு கேக்கலையா?"

"மலையாளம். சுதீஷ் காட்டுன இடத்தில போட்டேன்." நயினார் தெறித்த காப்பியைத் துண்டால் துடைத்தார். "ஒருக்கா முடியாதுன்னேன். ஒரு மாசம் முழுக்க என் வண்டிக்கு மட்டும் சவாரி விடலை. வரிசையில முன்னால வந்ததும், பின்னால போன்னுட்டான். உனக்கு அப்போ பரீட்சைப் பணம் கட்டணும்."

"என்மேல போடாதீங்க."

"போடலை. நடந்ததைச் சொல்லுதேன்."

அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. இந்த மனுஷர் அடித்திருந்தால், கத்தியிருந்தால், பதிலுக்கு எதையாவது சொல்லியிருக்கலாம். கூடவே ஒரு பயமும் வந்தது. நான் கிளறுவது சரிதானா? எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டாண்டு போய்விட்டால் வண்டியை எங்கே நிறுத்துவார்? பேட்ஜும் போய் ஸ்டாண்டும் போனால்? பேசாமல் இருந்திருந்தால் தபாலுக்கு வேறு வழி ஏதும் இருந்திருக்குமோ? அப்படி ஒரு வழி அவளுக்குப் புலப்படவில்லை.

"அப்பா, செஞ்சிருந்தா செஞ்சேன்னு எழுதுங்க. செய்யலைன்னா செய்யலைன்னு எழுதுங்க. நடுவுல நின்னீங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நயினார் காப்பியைக் குடித்து முடித்தார்.

"வண்டியை விலை கேக்கான்," என்றார் கடைசியில். "என் முகத்தைப் பாத்து. அவன் பத்து வயசில என் வண்டியிலதான் பள்ளிக்கூடம் போனான். ஒரு நாள்கூடக் காசு வாங்கினதில்லை." டம்ளரை நகர்த்தி வைத்தார். "அந்தப் பட்டியலைக் கொண்டா."

உலகம்மை எழுதி வந்த தாளை விரித்தாள். ஒவ்வொன்றாக வாசித்தாள். அக்டோபர் கேஸில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது நான் செஞ்சதுதான். நாலு பேரை ஏத்தினேன். மழை. ஒரு அம்மா பிள்ளையோட நின்னுச்சு."

"சரி."

"மார்ச்சில ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினதும் நான்தான்."

"அப்பா, ஏழையும் இல்லைன்னே எழுதலாம். வீட்டுப்பேரே தப்பு."

"ரெண்டு நான் செஞ்சது. அதை இல்லைன்னு எழுத மாட்டேன். அப்படி எழுதுனா அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

உலகம்மைக்கு அந்த இரண்டின்மேலும் கோபம் வந்தது. இரண்டையும் ஒத்துக்கொண்டால் பேட்ஜ் தப்புமா தப்பாதா என்று அவளுக்குத் தெரியாது. சுசீலாபாய்க்குத் தெரியுமோ என்னவோ. அவரிடம் அதைக் கேட்கத் தோன்றாமல் வந்ததும் ஒரு தவறுதான். ஆனாலும் பேனாவை எடுத்து, அக்டோபரையும் மார்ச்சையும் தனியாகப் பிரித்து, மீதி ஐந்துக்கும் காப்பி அபேட்சை எழுதினாள். நயினார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லி, அர்த்தம் கேட்டு, அபேட்சையின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அவள் டைரியை எடுத்தாள்.

1998 ஜூலை 15, புதன். வகுப்புக்குப் போகவில்லை. ஸ்டாண்டில் சத்தம் போட்டேன். அது தேவையாக இருந்ததா என்று தெரியவில்லை. நாளைக்கு: கடையில் ஒரு நாள் லீவு சொல்லணும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கார்டைப் பெட்டியிலிருந்து எடுக்கணும். பத்தரைக்குக் கோர்ட், ஸ்டாம்பு வாங்கி ஐந்து கேஸுக்கும் காப்பி அபேட்சை கொடுக்கணும். இரண்டு கேஸ் நின்றால் பேட்ஜ் என்னாகும் என்று சுசீலாபாயிடம் கேட்கணும். அப்பாவும் வருகிறார்.