ஒன்பதரை முதல் ஒன்பதரை வரை

பிள்ளையார்பாளையத்தில் ஆனந்தராஜ் போதகரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் வயிற்றைக் கேட்டால் ஒரு முழுப் பகல் போயிருக்கும். சுவர்க் கடிகாரத்தைக் கேட்டால் முள் அசைந்திருக்காது. பேட்டரி மாற்றிப் பார்த்தார்கள், கடிகாரத்தையே மாற்றிப் பார்த்தார்கள். செல்போனும் அதே ஒன்பதரையைத்தான் காட்டியது. பிரசங்கம் தொடங்கும்போது வாசலில் ஒருவர் ஆட்டோவை உதைத்துக்கொண்டிருந்தால், முடிந்து கதவைத் திறக்கும்போதும் அது ஸ்டார்ட் ஆகியிருக்காது.

இதை முதலில் கண்டுபிடித்தது போதகரின் மனைவி தீபிகா. ஜெபக்கூடம் முன்கட்டில், அவர்கள் வீடு பின்கட்டில். பாட்டு முடிந்து, கதவைச் சாத்திப் பிரசங்கம் தொடங்கும் நேரத்தில் அவள் சபைச் சாப்பாட்டுக்கு உலை வைப்பாள். அன்றைக்கு அரிசியைக் களைந்து போட்டுவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. மொத்தச் சபையும் தட்டோடு வந்து நின்றது.

"இன்னாங்க, இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா?"

"முடிஞ்சே போச்சும்மா," என்றாள் பூவம்மாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "உங்க ஊட்டுக்காரரு இன்னிக்கி உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வந்துட்டாரு. சோறு எங்க?"

அதற்கு முன்னால் ஆனந்தராஜைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊர் தென்னேரி. குரல் பெரியது, சபை சின்னது. ஒரு ஷேர் ஆட்டோவில் சபை முழுவதையும் ஏற்றிவிடலாம். அவர் பரலோகத்தைப் பற்றிக் குறைவாகவும் பஸ்ஸைப் பற்றி அதிகமாகவும் பேசுவார். விசுவாசம் என்பது தென்னேரி பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல, நேரக் காப்பாளர் சொன்னதற்காக யாரும் நிற்பதில்லை, நேற்று வந்தது என்பதற்காக நிற்கிறோம் என்பார். ரசத்தில் உப்பு கூடிப்போனதில் தொடங்கி மன்னிப்பில் வந்து நிற்பார். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய சார்ஜரைத் திருப்பித் தராதவனின் ஆத்துமாவைப் பற்றி ஒரு மத்தியானமே பேசியிருக்கிறார். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒரு பிரசங்கத்தையாவது ஒரே ஒரு ஆள் முதலிலிருந்து கடைசிவரை கேட்டால் போதும் என்று அவர் ஜெபித்துக்கொண்டிருந்தது தீபிகாவுக்கு மட்டும் தெரியும். அவளும் அடுப்படியில் இருந்தாள்.

நின்றுபோன நேரத்தின் உபயோகத்தைப் புரிந்துகொண்டவன் பூவம்மாளின் கணவன் பழனி. தறிக்காரன். அவனுக்குச் சபையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெண்டாட்டி சபைக்குக் கொண்டுபோன பட்டு நூல் முழுவதும் குறுக்கு நூலுக்கான ஊடைக் குழலில் சுற்றித் திரும்பி வந்ததையும், தெருவில் அப்போதுதான் காலை டிபன் நடந்துகொண்டிருந்ததையும் பார்த்தான். முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை தறியில் பாதியில் நின்றது. நேராகக் கூடத்தின் சொந்தக்காரர் ஜியாவுதீனிடம் போனான். அந்தக் கூடம் முன்பு அவருடைய ஜரிகைக் குடோன்.

"பாய், கூடத்துல ஒரு குழி தோண்டிக்கலாமா?"

"குழியா? யாருக்குப்பா? எப்ப தவறுனாரு?"

"தறிக்கு பாய். பாஸ்டர் பேசச்சே நெய்ஞ்சிக்கினு இருப்பேன்."

ஜியாவுதீன் தாடியைத் தடவி யோசித்தார். பிறகு தன் மகள் அஃப்ஷீனுக்கு நீட் பரீட்சை வருகிறது, ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி அவளுக்கு வேண்டும் என்றார். எங்களுக்கு ஜும்மா வெள்ளிக்கிழமைதானே, ஞாயித்துக்கிழமை ஃப்ரீதான் என்றும் சொன்னார். இப்படியாகக் குழி விழுந்தது.

அடுத்த வருஷத்துக்குள் கூடத்தில் நடக்க இடமில்லை. வரிசையாகக் குழித்தறிகள். பெரிய கோயில் பக்கத்துப் பூக்காரம்மா கூடையோடு வந்து சரம் கட்டினார், அந்த நேரத்தில் பூ வாடவே வாடாது. அரசு அலுவலகத்து எழுத்தர் ஒருவர் தேங்கிய கோப்புகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் ஆஸிம் தூங்குவதற்காகவே வந்தான், பாயும் தலையணையும் கூடத்திலேயே வைத்திருந்தான். எல்லாரும் கட்டுச்சோறு கொண்டு வந்தார்கள். சைவர், வைணவர், தெலுங்கு பேசும் வியாபாரிகள், பாய்மார்கள் என்று மாவட்டத்திலேயே பெரிய சபை அதுதான். ஒருவரும் பிரசங்கத்தைக் கேட்கவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று போதகர் பெரிய ஸ்பீக்கர் வாங்கினார். அஃப்ஷீன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் பழனி தறியில் இருந்தபடியே கையைத் தூக்கினான். "பாஸ்டர், இன்னிக்கி கொஞ்சம் நீட்டிப் பேசுப்பா. முந்தி இன்னும் பாக்கி இருக்குது."

இன்னும் பேசு என்று ஆனந்தராஜிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ரேஷன் கடை வரிசையை எடுத்துக்கொண்டு பேசினார். முந்தி முடிந்தது, அடுத்த தறியில் பாவு நூலே தீர்ந்தது, பூக்காரம்மா நார் தீர்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார், போதகர் ரேஷன் வரிசையின் நடுவுக்குத்தான் வந்திருந்தார்.

ஆனால் நேரம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அது போதகரின் உடம்பிலிருந்து வந்தது. ஒவ்வொரு பிரசங்கமும் அவரிடம் ஒரு மழைக்காலத்தை எடுத்துக்கொண்டது. தலை நரைத்தது, முட்டி பிடித்தது, முன்பல் ஒன்று ஆமென் சொல்லும்போது விழுந்தது. ரேஷன் கடை மெஷின் அவர் கைரேகையை ஏற்கவில்லை. கண்டக்டர்கள் வாலிபர்களை எழுப்பி அவருக்கு சீட் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, பையன் கார்டை எடுத்துக்கினு வந்துட்டீங்க," என்றார். காந்தி ரோட்டுச் சேலைக் கடையில் சேல்ஸ்மேன் மயில்கழுத்துப் பச்சையை விரித்துப் போட்டு, "பொண்ணுக்கு நல்லா இருக்கும் அய்யா, இன்னும் கட்டிக் குடுக்கலியா?" என்று கேட்டார். தீபிகா சேலை எடுக்காமல் கடையை விட்டு இறங்கினாள். கல்யாணமாகி ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை அவரை விட்டு முன்னால் நடந்தாள். பிறகு பேசினாள்.

"அடுத்த தை வந்தா நீ இருப்பியா? பேசிப் பேசியே கெழவன் ஆயிட்ட. யாருக்காக? ஒருத்தன் தூங்குறான், ஒருத்தன் சேல நெய்றான். நான் தாலிய கழட்டி எந்தத் தறியில மாட்டறது?"

நிறுத்திவிடுகிறேன் என்றார். நிறுத்தவும் செய்தார். வரும் வாரம் பாட்டு மட்டும்தான் என்று அறிவித்தார். கடிகாரம் ஓடியது. பத்தானது, பதினொன்றானது, பூ வாடியது, ஆஸிம் தூங்காத கண்ணோடு வீட்டுக்கு எழுந்து போனான். பழனி குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பொன்னி என்கிற கல்யாணப் பெண்ணுக்கு நெய்து முடிக்காத கூரைச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் போதகர் தாங்கியிருப்பார். அதற்கடுத்த வாரம் மறுபடி மைக்கைப் பிடித்தார். பிறர் பாரத்தைச் சுமப்பது ஊழியம்தானே என்று தீபிகாவிடம் சொன்னார். நிறைந்த கூடம் தனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கு அதுவும் தெரியும்.

அந்த வாரம் பழனியின் தறியில் இழை அறுந்தது. அவன் முடிச்சுப் போடுகிறவரை, கரையை இணைக்கும் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பூவம்மாளுக்குக் கைவேலை இல்லை. வேறு வழியில்லாமல் பிரசங்கம் காதில் விழுந்தது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவன், நின்றுகொண்டு வருகிறவனின் முகத்தை ஏன் கடைசிவரை பார்ப்பதில்லை என்று போதகர் கேட்டுக்கொண்டிருந்தார். பூவம்மாள் சிரித்துவிட்டாள். வெளியே வந்தபோது அவள் நெற்றியோரம் ஒரு முடி வெளுத்திருந்தது.

"ஒரே ஒரு பேச்சு கேட்டேன்மா, அதுக்கே பாரு," என்று தீபிகாவிடம் தலையைக் காட்டினாள். "அதான் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. ஒருத்தரும் கேக்கறதே இல்ல. நான் இனிமே காதுல துணி வெச்சிக்கப் போறேன்."

தீபிகா அந்த முடியை வெகுநேரம் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பாட்டு முடிந்ததும் அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. களைந்த அரிசியைத் தட்டுப்போட்டு மூடினாள், கையைத் துடைத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்தாள், பழனியின் தறிக்கும் அஃப்ஷீனின் நாற்காலிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். கதவு சாத்தப்பட்டது. தறிகள் ஓடத் தொடங்கின. ஆனந்தராஜ் அன்றைக்குக் குக்கர் விசிலைப் பற்றிப் பேசத் தயார் செய்திருந்தார். இரண்டாவது விசிலுக்கு வருவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. தான் சொன்ன ஒரு வார்த்தை எங்கோ போய் விழுகிறது. இருபது வருஷமாகக் காற்றில் போட்ட கல் முதல் தடவையாகத் தண்ணீரில் விழுந்த சத்தம். மைக்கைப் பிடித்த கையில் மூட்டுவலி பாதியாகக் குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். வகிடு ஓரம் வெள்ளை இறங்கிக்கொண்டிருந்தது.

பேச்சை நிறுத்தினார். கடிகாரம் ஒரு தடவை டிக் என்றது. தறிகள் நின்றன, ஆஸிம் விழித்துக்கொண்டான்.

"எழுந்து போம்மா தீபி," என்றார் மைக்கிலேயே. "அடுப்பப் போயி பாரு."

"அடுப்பு அணைஞ்சிதான் இருக்குது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போ."

"எல்லாம் தெரியும். துண்டு போட்டு எனக்கு எடம் புடிக்க நீ ஒண்ணும் முன்னாடி போவ வேணாம். நின்னுக்கினு போனாலும் ஒண்ணா போலாம். பேசு."

பழனி குழியிலிருந்து எட்டிப் பார்த்தான். "பேசுப்பா பாஸ்டர். அதான் ஊட்லயே சொல்லிட்டாங்க இல்ல?"

ஆனந்தராஜ் மைக்கின் மேல் படிந்த தூசியைத் துடைத்தார். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மூன்றாவது விசிலிலிருந்து தொடங்கினார். அது சின்னப் பிரசங்கம். அவர் வாழ்க்கையிலேயே சின்னது. பழனிக்கு இரண்டு முழம்தான் ஏறியது, குறை சொன்னான். பிறகு வந்த வாரங்களிலும் அப்படித்தான். கேட்கிற ஆள் எதிரே இருக்கும்போது சுற்றிவளைக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது காந்தி ரோட்டுக் கடையில் அவர்களைப் பார்த்ததும் சேல்ஸ்மேன் அரக்கு நிறத்தை விரிக்கிறார், அய்யாவுக்கும் அம்மாவுக்கும் காபி சொல்லி அனுப்புகிறார். அஃப்ஷீனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது. அவள் நாற்காலியில் இப்போது டிரைவிங் லைசென்ஸுக்குப் படிக்கிறவர் உட்கார்கிறார். பிரசங்கம் ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிறது. தீபிகாவும் உள்ளே இருப்பதால், கதவு திறந்த பிறகுதான் உலை வைக்க முடிகிறது. தறிக்காரர்களும் பூக்காரம்மாவும் ஆஸிமும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்கட்டில் வரிசையாக உட்காருகிறார்கள். வேலை எல்லாம் முடிந்துவிட்டதால் செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. சோறு வேக முக்கால் மணி நேரம் ஆகிறது. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி போகிறது.