மூன்று ஜரிகைத் தொப்பிகள்

பெட்டியைத் திறந்ததுமே தினேஷுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

உள்ளே மூன்று தொப்பிகள். கருநீல வெல்வெட்டில் ஒன்று, மாதுளைச் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. துணியே தெரியாத அளவுக்கு ஜரிகை வேலைப்பாடு. பச்சைத் தொப்பியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். ஜரிகைக்குள்ளிருந்து சிவப்புப் பட்டு இழை எட்டிப் பார்த்தது. உள்ளே பட்டு இருந்தால் அசல் வெள்ளி ஜரிகை. சந்தேகமே இல்லை.

ஆனால் நாக்கு வறண்டது வெள்ளிக்காக இல்லை.

முந்தாநாள்தான் ஜான்சன் படம் அனுப்பியிருந்தான். சென்னையில் பழைய சாமான்களை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற சிநேகிதன். படத்தோடு நிற்காமல் போனிலும் கூப்பிட்டான்.

"மச்சான், இந்த மாதிரி ஜரிகைத் தொப்பி கண்ணுல பட்டா விட்டுடாத. அமெரிக்காகாரனும் ஜப்பான்காரனும் போட்டி போட்டுக்கினு வாங்குறானுங்க. போன வருசம் முப்பதாயிரத்துக்குப் போனது இப்ப ஒண்ணரை லட்சம். ஒரு நூல் பிரியக் கூடாது, அவ்ளோதான்."

மூன்று தொப்பி. நாலரை லட்சம். தினேஷின் மனசு அதற்குள் கணக்கை முடித்து, காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வாடகைக்குக் கடை பார்த்து, போர்டும் எழுதிவிட்டது. பழைய பட்டுப்புடவைகளை வாங்கி, ஜரிகையை எரித்து, வெள்ளியைப் பிரித்தெடுப்பது அவன் தொழில். பத்து வருஷமாக இரும்புச் சட்டியும் தராசுமாக மொபெட்டில் ஊரைச் சுற்றியது போதும்.

"இன்னாப்பா, பேயறைஞ்ச மாதிரி பாத்துக்கினு கீற? தேறுமா தேறாதா?" என்றாள் பொன்னியம்மாள்.

ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தவள். செவிலிமேட்டில் ஓட்டு வீடு. அவள் புருஷன் சிட்டிபாபு பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கும் கூத்துக்கும் டிரெஸ் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். ராஜா கிரீடமும் சிங்க முகமூடியும் ஒவ்வொன்றாக விலை போயின. மிச்சம் இந்தப் பெட்டி. மகள் திரிஷாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எண்பதாயிரம் கட்டாவிட்டால் இடம் வேறு யாருக்கோ. அதற்காகத்தான் பெட்டி திறக்கப்பட்டது.

"தேறும்க்கா. மூணையும் எரிச்சா இருபத்தஞ்சாயிரம் வரும்."

"அவ்ளோதானா? வெள்ளி வெலை ஏறிக்கினே போவுதுன்னு டிவில கத்துறான்?"

"அதச் சேர்த்துத்தான் சொல்றேன்."

"சரி, இங்கியே எங் கண்ணு முன்னால எரி."

ஊரில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்துக் காசு தருகிறேன் என்று புடவைகளை வாரிக்கொண்டு போன ஒருவன், பாதி வெள்ளியை விழுங்கிவிட்டான். அதில் பொன்னியம்மாளின் கல்யாணப் புடவையும் போனது. அதற்கப்புறம் எந்தப் பெண்ணும் ஜரிகையைக் கையில் கொடுப்பதில்லை. கண்ணெதிரே எரிக்க வேண்டும், கண்ணெதிரே நிறுக்க வேண்டும்.

"எரிக்க வேணாம்க்கா. காத்து வேற அடிக்குது. மொத்தமா ஒரு ரேட்டு போட்டுக்கலாம். நாப்பதாயிரம் தரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பொன்னியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "இரு இரு. எரிச்சா இருபத்தஞ்சுன்னு நீதான் சொன்ன. எரிக்காம குடுத்தா நாப்பதா? யார்னா காரணம் இல்லாம கூடக் குடுப்பானா? உள்ள தங்கம் கிங்கம் கீதா? எம் புடவைய எட்த்துக்கினு போனவனும் இப்படித்தாம்பா தேனா பேசினான்."

"ஐயோ, இல்லக்கா..."

"இல்லன்னா எரி. பாத்துட்றேன்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'அக்கா, இது வெள்ளிக் கணக்கு இல்ல, தொப்பிக் கணக்கு' என்று ஒரே வரி. சொன்னால் மகள் ஜான்சன் மாதிரி ஓர் ஆளை நெட்டில் தேடிக் கண்டுபிடித்துவிடுவாள். தனக்குக் கமிஷன் என்று ஏதோ ஐயாயிரம் மிஞ்சும். காந்தி ரோட்டுக் கடை கண்ணுக்குள்ளேயே ஷட்டரை இறக்கிக்கொண்டது. ஒன்று போனால் போகட்டும் என்று முடிவு செய்தான். ஒன்றை எரித்துக் காட்டினால் சந்தேகம் தீரும். மற்ற இரண்டும் தப்பிக்கும்.

வாசலில் சட்டியை வைத்தான். பச்சைத் தொப்பியைப் போட்டுத் தீ வைத்தான். வெல்வெட் சுருண்டது. பட்டு எரிந்து, முடி கருகுகிற மாதிரி நாற்றம் தெருவில் பரவியது. சாம்பலை அலசி, வெள்ளி இளக வெங்காரப் பொடி தூவி உருக்கினான். கொட்டைப்பாக்கு அளவுக்கு வெள்ளி நின்றது.

"பாத்தியாக்கா, தங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மத்த ரெண்டையும் இதே கணக்குல எடுத்துக்கறேன்."

"ஒரு தொப்பி மாதிரியே இன்னொண்ணு இருக்குமா? இதுல பாரு, வேலை எவ்ளோ கெட்டி!" என்று சொல்லிக்கொண்டே பொன்னியம்மாள் கருநீலத் தொப்பியைத் தானே தூக்கிச் சட்டியில் போட்டுத் தீக்குச்சியும் கிழித்தாள். அவன் கை பாதி தூரம் நீண்டு அப்படியே நின்றது. ஒன்றரை லட்சம் நீலப் புகையாகக் கூரைக்கு மேலே போனது.

சட்டி ஆறுவதற்குள் திரிஷா வெளியே வந்தாள். மிஞ்சியிருந்த சிவப்புத் தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இந்த மாதிரி பழைய தொப்பியெல்லாம் ஃபாரின்ல வாங்குறாங்கமா. ரீல்ஸ்ல பாத்தேன். நெட்ல போட்டுப் பாக்கவா?"

பொன்னியம்மாள் தினேஷைப் பார்த்தாள். "இன்னாபா சொல்றா இவ? நீ நாலு ஊரு சுத்துற ஆளு. நெசமாவா?"

தொப்பி இன்னும் முழுசாக இருந்தது. ஒன்றரை லட்சம். கல்லூரிக்குக் கட்டிய பிறகும் பாதி மிஞ்சுகிற தொகை. அவர்கள் இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனோ சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்? எரிந்த இரண்டுக்கு யார் பதில் சொல்வது?

"அதெல்லாம் டூப்பு பாப்பா. வியூஸுக்காக வுட்ற ரீலு. ஃபாரின்காரன் எவன் வந்து நம்ம தொப்பிய வாங்கப் போறான்?" சிரிக்கக்கூடச் செய்தான்.

"ஏன்டி, நான் சொல்லல? எப்பப் பாரு செல்லுல எதையாவது பாத்துக்கினு... தா இங்க." மகள் கையிலிருந்து பிடுங்கிச் சட்டியில் போட்டாள் பொன்னியம்மாள். "பத்த வைப்பா. சோத்துக்கு நேரமாவுது."

அவன் பற்ற வைத்தான். தன் கையாலேயே.

மூன்றும் சேர்த்து நிறுத்தபோது இருபத்தாறாயிரத்துக்கு வந்தது. முப்பதாயிரத்தை எடுத்து நீட்டினான். பொன்னியம்மாள் நாலாயிரத்தைப் பிரித்து அவன் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"கணக்குக்கு மேல எனக்கு வேணாம்பா. ஒழைப்புக்கு வெச்சிக்க. உன்ன தப்பா நெனச்சிட்டேன், மனசுல வெச்சிக்காத."

திரிஷா சுவரில் சாய்ந்தபடி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "இன்னும் அம்பத்திநாலு வேணும்மா."

பொன்னியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள். எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. தையல் மிஷின். மோட்டார் வைத்தது. அதில் ஜாக்கெட் தைத்துத்தான் இரண்டு வருஷமாக அந்த வீட்டில் உலை கொதித்தது.

"மிஷின் போனா நீ இன்னா பண்ணுவமா?" என்றாள் திரிஷா.

"ஏன், கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்கப் போறேன். ஸ்ரீபெரும்புதூருக்கு வேன் வருதே. நீ மொதல்ல அட்மிசன் போடு." தினேஷ் பக்கம் திரும்பினாள். "ஒரு பன்னெண்டு தேறுமா இதுக்கு? மிச்சத்துக்கு எங்கண்ணன் கால்ல விழுறேன்."

"அக்கா... அந்தத் தொப்பி..."

"அது எரிஞ்சி போச்சி, வுடு. எங்க வூட்டுக்காரு அத யாருக்கும் வாடகைக்குக்கூட வுட மாட்டாரு. இன்னாத்துக்குப் பொத்திப் பொத்தி வெச்சாரோ." துணியால் மிஷினைத் துடைத்தாள். "புடி அந்தப் பக்கம். கடையில நீயே பேசு. நான் போனா பொம்பளன்னு ஏமாத்துவான்."

அவன் பிடித்தான். மொபெட்டின் பின்னால் கயிறு போட்டு, இரண்டு முறை இறுக்கிக் கட்டினான். பாரத்தில் பின் சக்கரம் அமுங்கியது. திரிஷா வாசலுக்கு வந்து, மிஷினில் தொங்கிக்கொண்டிருந்த நூலை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டாள்.

வண்டியைக் கிளப்பியபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜான்சன். தினேஷ் எடுக்கவில்லை. பெரிய காஞ்சிபுரம் போகிற வரைக்கும் அது விட்டு விட்டு அடித்துக்கொண்டே வந்தது.