முகூர்த்த ஷாட்

பத்தரைக்கு ராகு காலம் பிடித்துவிடும். மணி பத்தே கால் ஆகியும் ஹீரோவைக் காணோம். என் வீட்டுக்காரர் குருசாந்தப்பா பசவனகுடிக் கோயில் வாசலில் கேமராவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஆறு வருஷமாக வீட்டுக்குள்ளும் இதே நடைதான். மூன்று படம் ஓடாத டைரக்டருக்கு, சினிமாக் கம்பெனிகள் இருக்கும் காந்திநகரில் உட்கார நாற்காலிகூடப் போடமாட்டார்கள். இந்தப் படமும் கைவிட்டுப் போனால் சொந்த ஊரான கதக்குக்குத் திரும்பி, அண்ணன் ஜவுளிக் கடையில் வேட்டி மடிக்க வேண்டியதுதான்.

"கொஞ்சம் உக்காருங்களேன். பாக்கிற எனக்கே தலை சுத்துது."

"நீ உக்காரு நீலா. உனக்கென்ன, பேனா பிடிக்கிற வேலை."

ஆமாம், பேனா பிடிக்கிற வேலைதான். பதினெட்டு வருஷமாக அவர் எடுக்கும் ஒவ்வொரு டேக்குக்கும், நன்றாக வந்தால் ஓகே, சொதப்பினால் என்.ஜி. என்று தாளில் குறிப்பது நான். வாங்கிய திட்டைச் சேர்த்து வைத்திருந்தால் தனிப் புத்தகமே போடலாம்.

ஹீரோ வீட்டு ஆள் ஓடி வந்தான். அவருக்குக் காய்ச்சலாம். காய்ச்சலாவது மண்ணாவது! வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார் என்பது அவன் முழியிலேயே தெரிந்தது.

தயாரிப்பாளர் முனிவெங்கடப்பா சிக்கபள்ளாபுரத்தில் கல் குவாரி வைத்திருப்பவர். கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அக்கா மகன் தர்ஷித்தைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"ஸ்வாமி, இவன நிக்க வைங்க. இவனே ஹீரோவாயிட்டுப் போறான். பாக்க லட்சணமாத்தானே இருக்கான்?"

முகூர்த்த ஷாட்டில் பெரிய நடிப்பெல்லாம் வேண்டாம். சாமி படத்தைக் கும்பிட்டு, "நான் ஜெயிச்சுக் காட்டுறேன்" என்று சொன்னால் போதும். எவ்வளவு கேவலமாகச் சொன்னாலும் டைரக்டர் ஓகே என்பார், எல்லோரும் கைதட்டுவார்கள், கேசரிபாத்தைப் பார்த்து ஓடுவார்கள். அதை யாரும் இரண்டாம் தடவை எடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆரம்பமே தப்பு என்று சாமி முன்னால் நின்று சொல்லலாமா?

கிளாப் அடித்தார்கள். பையன் கும்பிட்டான், சொன்னான், பாதியில் கேமராவைப் பார்த்து இளித்தான். கைதட்டல் கிளம்பிவிட்டது. பூசாரி தேங்காயை ஓங்கிவிட்டார்.

"இன்னொண்ணு போலாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

ஐயோ, இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! பூசாரியின் கை தேங்காயோடு அப்படியே நின்றது.

"என்ன ஸ்வாமி, எங்க வீட்டுப் பையனோட முதல் ஷாட்டே சரியில்லையா? நல்ல நாளும் அதுவுமா என்ன வாய் இது!"

"கேமராவப் பாத்துட்டான். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, எடுத்துடலாம்."

முனிவெங்கடப்பா அவரிடம் பேசவே இல்லை. என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க ஓகேன்னு எழுதுங்க, படம் நடக்கும். இல்லேன்னா இப்பவே மூட்டை கட்டிடுறேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்.ஜி. என்றுதான் எழுதுவேன் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. பையன் இளித்ததை நானும் பார்த்தேன். ஆனால் ஆறு வருஷம்! விடிய விடியக் கூடத்தில் நடந்த அவர் காலை நான்தானே தேய்த்துவிட்டேன். ஓகே என்று எழுதினேன். தேங்காய் உடைந்தது.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

சிக்கமகளூரில் முப்பத்தாறு நாள் படப்பிடிப்பு. எந்த ஷாட்டானாலும் முதல் டேக்கிலேயே ஓகே சொல்லிவிடுவார் என் வீட்டுக்காரர். "இந்த வேகத்த முன்னாடியே காட்டியிருந்தா எங்கயோ போயிருப்பீங்க ஸ்வாமி!" என்று முனிவெங்கடப்பா பூரித்துப்போனார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கடைசி நாள், தாய் சாகும் காட்சி. தர்ஷித் அழத் தெரியாமல் முகத்தைக் கோணினான். லைட்காரர்களே வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். பிணமாகப் படுத்திருந்த அம்மாள்கூடக் குலுங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, கொஞ்சம்கூட நல்லா இல்லீங்க. இன்னொரு தடவ எடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"எது நல்லா இருக்குன்னு எனக்கே இப்ப தெரியல நீலா," என்றார். கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "எழுதிக்கோ, ஓகே."

அழுதுகொண்டே எழுதினேன்.